பாட்டிக்குப் பெயர்ப்பலகை செய்யும் முன்: ஐரிஷ் கூட்டுச்சொல்லைப் பிரித்துச் சரிபார்க்கும் வழி

போன வருடம் 42 யூரோ கொடுத்து ஓக் மரத்தில் ஒரு பெயர்ப்பலகை செதுக்கச் சொன்னேன். அயர்லாந்தின் கால்வேயில் எங்கள் அடுத்த வீட்டம்மாவுக்காக. கொனமாரா என்ற மேற்குக் கரைப் பகுதிக்காரர், வீட்டில் ஐரிஷ்தான் பேசுவார், பள்ளி விட்டதும் என் மகளை இரண்டு வருடம் தன் சமையலறையில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டவர். பாட்டிக்கு ஐரிஷில் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஷன் என்றால் பழைய, முதிய. மாஹிர் என்றால் அம்மா. ஆக, ஷன் மாஹிர். நடுவில் இடம் விட்டு இரண்டு சொல்லாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பலகையைக் கையில் வாங்கியவர் முதல் சொல்லின்மேல் விரலை வைத்தார், இரண்டாவதின்மேல் வைத்தார், நடுவில் இருந்த வெற்றிடத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார், அப்புறம் "ரொம்ப அழகு" என்றார். பக்கத்தில் நின்ற பேரன்தான் சிரித்துவிட்டான்.

சரியான சொல் ஒரே சொல், உச்சரிப்பு ஷன்வாஹிர். எழுத்துக்கூட்டு: எஸ்-இ-ஏ-என்-எம்-எச்-ஏ-டி-எச்-ஏ-ஐ-ஆர், மொத்தம் 12 எழுத்து, எம்-எச்சுக்கு அடுத்த ஏ-யின் தலையில் ஒரு சாய்ந்த கோடு. நான் விட்டது இரண்டு விஷயம்: சேர்த்து எழுதவில்லை, எம்-முக்குப் பிறகு எச் போடவில்லை. பலகை, மோதிரம், பச்சைக் குத்து, வாழ்த்து அட்டை என்று எதிலாவது ஐரிஷ் கூட்டுச்சொல் போட நினைக்கிற ஒருவருக்காவது இந்த 42 யூரோ மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன். உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன்; எழுத்துக்கூட்டு முக்கியமான இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்; அங்கே டி என்றால் T, பி என்றால் B.

1. முதலில் மூன்று வரி எழுதிவையுங்கள்

அகராதியைத் திறக்கும் முன் ஒரு தாளில் மூன்று விஷயம். ஒன்று, நீங்கள் சொல்ல வருவது தமிழில் முழுசாக: "பாட்டி" மட்டுமா, "என் பாட்டி"யா, "பாட்டி வீடு" என்றா. இந்த மூன்றுக்கும் ஐரிஷில் அதே சொல் மூன்று வடிவம் எடுக்கும், பின்னால் வருகிறேன். இரண்டு, அது வெறும் பெயரா, கூப்பிடும் விளியா. மூன்று, யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவர் எந்தப் பக்கத்துக்காரர். கொனாக்ட், மன்ஸ்டர், அல்ஸ்டர் என்று மூன்று பெரிய வட்டார வழக்கு இருக்கிறது, உறவுப்பெயர்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். இந்தத் தாள் ஐந்து நிமிட வேலை. யாரிடமாவது உதவி கேட்டால் அவர்கள் முதலில் கேட்கப்போவதும் இந்த மூன்றைத்தான்.

2. எங்கே வெட்டுவது என்று கண்டுபிடியுங்கள்

நமக்கு ஒரு வசதி உண்டு. ஐரிஷில் பெயரடை வழக்கமாகப் பெயருக்குப் பின்னால்தான் வரும், "அம்மா பெரிய" என்பது மாதிரி. கூட்டுச்சொல்லில் மட்டும் அது தலைகீழாகித் தமிழ் வரிசைக்கு வந்துவிடும்: அடை முன்னால், முக்கியமான பெயர் கடைசியில். ஷனோகல் என்று ஒரு சொல். ஷன் என்றால் பழைய, ஃபோகல் என்றால் சொல். சேர்த்தால் என்ன அர்த்தம்? பழமொழி. அப்படியே நம்முடைய பழமொழி, முதுமொழி. இதைப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்த மொழிமேல் இருந்த பயம் கொஞ்சம் விட்டது.

முன்னால் ஒட்டுகிற துண்டுகள் ஒரு பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் போதும், பாதிக் கூட்டுச்சொல் தானாகப் பிரியும். ஷன் பழைய, த்ரோக் கெட்ட, ப்ரீவ் தலைமை, ல்யா பாதி, பன் அடி, ம்யான் நடு, ஆர்ட் உயர்ந்த. பன்ஸ்கோல் என்றால் அடிப்பள்ளி, அதாவது தொடக்கப்பள்ளி. ம்யான்ஸ்கோல் நடுப்பள்ளி என்று பிரியும், ஆனால் அது உயர்நிலைப்பள்ளி. த்ரோக் முன்னால் வந்தால் கெட்ட வானிலை, கெட்ட செய்தி, கெட்ட பழக்கம். முதலாவது இங்கே வாரம் நான்கு தடவை காதில் விழும்.

துண்டு தெரியாத சொல்லுக்கு இரண்டு தடயம். நடுவில் எஃப்-எச் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒட்டு. இன்னொன்று, ஐரிஷ் எழுத்தில் ஒரு மெய்யின் இரண்டு பக்கமும் ஒரே இன உயிர் வர வேண்டும்: ஏ, ஓ, யு ஒரு கூட்டம், இ, ஐ இன்னொரு கூட்டம். ஒட்டு விழுந்த இடத்தில் மட்டும் இந்த விதி உடையலாம். கிழவர் என்பதற்கான ஷனார் என்ற சொல்லில் ஒட்டுக்கு இந்தப் பக்கம் ஏ, அந்தப் பக்கம் இ. உடைந்திருக்கிறதா, அங்கே கத்தியை வையுங்கள்.

எச்சரிக்கை: பிரித்து வருகிற அர்த்தத்தை அப்படியே நம்பாதீர்கள். லெஷ்கேல் என்றால் பாதிக் கதை, ஆனால் அர்த்தம் சாக்கு, மன்னிப்பு. பேருந்தில் யாரையாவது இடித்துவிட்டால் "என் பாதிக் கதையை எடுத்துக்கொள்" என்றுதான் மன்னிப்பு கேட்கிறார்கள். என் மகளின் வீட்டுப்பாடச் சாக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தமிழிலும் கிடையாது. அதே மாதிரி ஷன்வாஹிர் என்றால் பாட்டி. வயதான அம்மா என்று சொல்ல நினைத்தால் மாஹிர்க்குப் பின்னால் ஈஸ்டா என்ற பெயரடையைத் தனியாக வைக்க வேண்டும்.

3. ஒட்டின இடத்தில் என்ன ஆயிற்று என்று பாருங்கள்

நம் ஊரில் கடையும் தெருவும் சேர்ந்தால் கடைத்தெரு, நடுவில் ஒரு த் வந்து சொல் இறுகும். ஐரிஷில் நேர் எதிர்: இரண்டாவது சொல்லின் முதல் மெய் இளகிவிடும். எழுத்தில் அதன் பின்னால் ஒரு எச் வரும், உச்சரிப்பு மாறும். இந்த இளக்கத்துக்கு ஷேவு என்று பெயர். எம் இளகினால் கொனமாராவில் வ மாதிரி, அதனால்தான் மாஹிர் போய் வாஹிர். எஃப் இளகினால் ஒலியே காணாமல் போகும். ஃபோகல் சேர்ந்ததும் ஷனோகல் ஆனது அப்படித்தான். இளகக்கூடிய எழுத்து ஒன்பது: பி, சி, டி, எஃப், ஜி, எம், எஸ், இவற்றோடு D-யும் P-யும். எல், என், ஆர் மூன்றிலும் எழுத்தில் ஒன்றும் தெரியாது.

வல்லினம் மிகா இடம் என்று நம்மிடம் இருக்கிற மாதிரி (கடைத்தெருவில் மிகும், சுடுசோற்றில் மிகாது) இங்கேயும் இளகா இடம் உண்டு. முதல் துண்டு நுனிநாக்கு எழுத்தில் முடிந்து, அடுத்ததும் நுனிநாக்கு எழுத்தில் தொடங்கினால் இளக்கம் கிடையாது. ஷன் முடிவது என். அடுத்து வருவது ட, த, ஸ ஒலிகளில் ஒன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்: ட்யாக் என்ற வீட்டோடு சேர்ந்தால் ஷன்ட்யாக், பழைய வீடு, எச் வராது. எஸ்-ஸுக்குப் பின்னால் சி, P, டி, எம் ஒட்டியிருந்தாலும் இளகாது, பள்ளிக்கூடச் சொற்களில் எச் இல்லாதது அதனால்.

ஷன் ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் பழகலாம். அம்மாவோடு சேர்ந்தால் எச் வரும். வீட்டோடு வராது. அஹிர் என்ற அப்பாவோடு சேர்ந்தால் ஷனஹிர், தாத்தா, உயிரெழுத்து என்பதால் சும்மா ஒட்டிக்கொள்ளும். நோஸ் என்றால் வழக்கம், அதோடு சேரும்போது இரண்டு என் முட்டிக்கொள்வதால் நடுவில் ஒரு சிறு கோடு போடுவார்கள்: ஷன்-நோஸ், வாத்தியம் இல்லாமல் தனிக்குரலில் பாடும் அந்தப் பழைய பாட்டு முறையின் பெயரும் அதுதான்.

அந்தச் சிறு கோட்டை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். அன் என்ற துண்டு கோட்டோடு வந்தால் "ரொம்ப, பிரமாதமான". கோடு இல்லாமல் தனியே நின்றால் வெறும் "அந்த". அன்-லா என்றால் பிரமாதமான நாள், அன் லா என்றால் அந்த நாள். திருமண அட்டையில் இதை விட்டுவிட்டால் யாரும் உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

4. பால் வாலில், மோதல் தலையில்

நான் அதிக நேரம் தொலைத்தது இங்கேதான், ஆகவே மெதுவாகப் போகலாம். ஐரிஷில் எல்லாப் பெயருக்கும் ஆண்பாலோ பெண்பாலோ உண்டு, பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும்கூட. கூட்டுச்சொல்லின் பாலைக் கடைசித் துண்டுதான் முடிவு செய்யும். வேற்றுமை மாறும்போது உருமாறுவதும் கடைசித் துண்டுதான். ஆனால் "அந்த", "என்" மாதிரி முன்னால் ஒரு சொல் வந்து மோதும்போது மாறுவது முதல் துண்டின் முதலெழுத்து. ஒரே சொல்லில் இரண்டு முனையும் தனித்தனியாக அசையும்.

மாஹிர் பெண்பால், அதனால் ஷன்வாஹிர் பெண்பால். "அந்தப் பாட்டி" என்று சொல்ல முன்னால் அன் போட்டால், எஸ்-ஸில் தொடங்கும் பெண்பால் சொல்லின் முன் ஒரு டி வந்து ஒட்டிக்கொண்டு எஸ்-ஸை விழுங்கிவிடும்: எழுதும்போது டி-எஸ், சொல்லும்போது அன் ட்யன்வாஹிர். "அந்தப் பாட்டியின்" என்றால் முன்னால் ந வரும், அந்த டி போய்விடும், வால் மாறும்: ந ஷன்வாஹர். வாலில் இருந்த ஐ எழுத்து விழுந்துவிட்டது, கவனியுங்கள். பன்மை ஷன்வாஹ்ரகா.

கிழவர், ஷனார், ஆண்பால். இவருக்கு எல்லாம் திருப்பிப் போட்டது மாதிரி. "அந்தக் கிழவர்" என்றால் டி வராது, "அந்தக் கிழவரின்" என்றால்தான் வரும். டி-எஸ் கண்டதும் பெண்பால் என்று முடிவு கட்டினால் இங்கே விழுவீர்கள், நானும் விழுந்தேன்.

கிழவி இன்னும் வேடிக்கை. ப்யன் என்றால் பெண், அதன் "உடைய" வடிவம் ம்னா. ஆக ஷன்வ்யன் என்ற கிழவி "கிழவியின்" ஆகும்போது ஷன்வ்னா. நடுவில் பி-எச் இருந்த இடத்தில் எம்-எச். அகராதியில் தேடினால் கிடைக்காது, வாலைக் கழற்றி மூலச் சொல்லைத் தேடினால்தான் கிடைக்கும்.

5. யாருடைய பாட்டி என்பதை எச் சொல்லும்

"என் பாட்டி" என்பதற்கு முன்னால் மொ. இப்போது எஸ்-ஸே இளகி எஸ்-எச் ஆகும், ஒலி ஹ: மொ ஹ்யன்வாஹிர். ஒரே சொல்லுக்குள் தலையில் ஒரு எச், நடுவில் ஒரு எச். நடுவில் இருப்பது எப்போதும் இருக்கும், தலையில் இருப்பது வந்து போகும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். "என் பாட்டி வீடு" என்றால் ட்யாக் மொ ஹ்யன்வாஹர். தலையும் மாறியிருக்கிறது, வாலும் மாறியிருக்கிறது.

"அவனுடைய", "அவளுடைய", "அவர்களுடைய" மூன்றுக்கும் ஐரிஷில் ஒரே ஓரெழுத்துச் சொல்தான், ஏ. வித்தியாசத்தை அடுத்த எழுத்து காட்டும். அவன் பாட்டி என்றால் எச் உண்டு. அவள் பாட்டி, அவர்கள் பாட்டி என்றால் கிடையாது. போதாக்குறைக்குப் "பாட்டியே!" என்று கூப்பிடவும் அதே ஏ, அதற்கும் எச். முதல் படியில் தாளில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். "பாட்டிக்கு அன்புடன்" என்று கேட்டுவிட்டு யாரோ ஒருவனுடைய பாட்டிக்கு அட்டை போகக் கூடாது.

6. அகராதியில் சரிபாருங்கள்: செலவு ஒன்றுமில்லை, கால் மணி நேரம்

நான் செய்யாமல் விட்டது இந்தக் கால் மணி நேரத்தைத்தான். டி-இ-ஏ-என்-ஜி-எல்-ஏ-என்-என் டாட் ஐ-இ என்ற தளத்துக்குப் போங்கள். ஓ டோனல் தொகுத்த 1977 ஐரிஷ்–ஆங்கில அகராதி முழுவதும் அங்கே இலவசமாக இருக்கிறது. இலக்கணத்துக்கென்று தனிப் பக்கம் உண்டு, அதில் சொல் தனியாகவும் "அந்த" சேர்த்தும், ஒருமை பன்மை எல்லாம் கட்டம் கட்டி வைத்திருப்பார்கள். ஒலிப் பகுதியில் மூன்று வட்டார வழக்கிலும் கேட்கலாம். ஆங்கிலத்திலிருந்து தேடுபவர்களுக்கு எஃப்-ஓ-சி-எல்-ஓ-ஐ-ஆர் டாட் ஐ-இ. துறைச் சொற்களுக்கு டி-இ-ஏ-ஆர்-எம்-ஏ, ஊர்ப்பெயருக்கு எல்-ஓ-ஜி-ஏ-ஐ-என்-எம், இரண்டுக்கும் கடைசியில் டாட் ஐ-இ. எதற்கும் காசு இல்லை, பதிவு செய்யவும் வேண்டாம்.

வரிசை இது: முழுச் சொல்லைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தலையில் இருக்கும் எச்சையோ டி-யையோ எடுத்துவிட்டுத் தேடுங்கள். அப்போதும் இல்லையென்றால் வெட்டி, வால் துண்டை அதன் எச்சை நீக்கித் தனியாகத் தேடுங்கள். பால் தெரிந்துவிடும்.

குழிகள் இரண்டு. ஆங்கில வழி அகராதியில் எஃப் என்று போட்டிருந்தால் பெண்பால். ஐரிஷிலேயே குறிப்பு போடும் இடங்களில் எஃப்-ஐ-ஆர் என்று தொடங்கினால் ஆண்பால், பி-ஏ-ஐ-என் என்றால் பெண்பால். ஒரு சாயங்காலம் முழுக்க நான் எல்லாவற்றையும் தலைகீழாகக் குறித்துவைத்தேன். இன்னொன்று அந்தச் சாய்ந்த கோடு, ஃபாதா. உச்சரிப்புக் குறிதானே என்று விடக் கூடாது. எஸ்-இ-ஏ-என் என்றால் பழைய. அதிலேயே ஏ-மேல் கோடு போட்டால் ஷான் என்ற ஆண் பெயர். பாட்டி போய்ப் பக்கத்து வீட்டு ஷான் வந்துவிடுவார். ஃபோனில் ஏ எழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடு போட்ட எழுத்து கிடைக்கும்.

ஒரு சொல்லுக்கு இது போதும். முழு வாக்கியம் என்றால் தயவுசெய்து மனிதரிடம் காட்டுங்கள். ஃபோரஸ் ந கேல்கெ என்ற மொழி அமைப்பு தேர்வு வைத்து அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், கட்டணம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். பல ஊர் நூலகங்களில் ஐரிஷ் பேச்சு வட்டம் நடக்கும், இலவசம். ஆனால் வாரம் ஒருமுறைதான் கூடுவார்கள், அதற்கு ஏற்ப நாள் ஒதுக்குங்கள்.

7. அந்த வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்களா?

இலக்கணம் சரியாக இருந்தும் பலகை தப்பாகலாம். பாட்டிக்குக் கூட்டுச்சொல் இல்லாத பெயர்களும் உண்டு. வடக்கே மாஹிர் வோர், "பெரிய அம்மா". மன்ஸ்டரில் மாஹிர் க்ரீனா. இவை தொடர்கள், இரண்டு சொல்லாகத்தான் எழுத வேண்டும், பெயரடை பின்னால் போய்விட்டது, இளகுவதும் அந்தப் பெயரடைதான். "பெரியம்மா" என்று நம் வழக்கத்தில் படித்துக் குழம்ப வேண்டாம். ஷன்வாஹிர் கொஞ்சம் முறையான சொல். படிவத்தில், பள்ளிக் கட்டுரையில் வரும். வீட்டில் குழந்தைகள் கூப்பிடுவது வேறு. எங்கள் அடுத்த வீட்டில் மமோ. இரண்டு வருடம் என் மகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தாள், என் காதில் ஏறவில்லை. பேரப்பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

8. செதுக்கக் கொடுக்கும்போது

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையவழி வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்ற உரிமை, உங்களுக்கென்றே பெயர் போட்டுச் செய்த பொருளுக்குக் கிடையாது. நீங்கள் தப்பாக எழுதிக் கொடுத்தால் நஷ்டம் உங்களுடையது. நீங்கள் சரியாகக் கொடுத்து அவர்கள் தப்பாகச் செதுக்கினால் மாற்றித்தரச் சொல்லலாம், ஆனால் அதற்கு நீங்கள் கொடுத்தது எழுத்தில் இருக்க வேண்டும். ஃபோனில் சொல்லிவிட்டு வராதீர்கள், மின்னஞ்சல் அனுப்புங்கள். சில ஆர்டர் படிவங்களில் கோடு போட்ட எழுத்தைத் தட்டினால் கேள்விக்குறியாக மாறிவிடுகிறது, ஆகவே சொல்லைப் படமாகவும் இணையுங்கள். செதுக்கும் முன் மாதிரிப் படம் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் வேறு கடை பாருங்கள்.

மாதிரியில் பார்க்க வேண்டியது: ஃபாதா இருக்கிறதா, சொல்லை இரண்டு வரியாக உடைத்திருக்கிறார்களா (12 எழுத்து, குறுகலான பலகையில் கட்டாயம் உடைப்பார்கள்), எல்லாம் பெரிய எழுத்தில் போடும்போது "அந்தப் பாட்டி"யின் முன்னால் வரும் அந்த டி மட்டும் சின்ன எழுத்தாகவே நிற்கிறதா. கடைக்காரர் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார், முன்கூட்டியே குறிப்பு எழுதுங்கள். எனக்கு ஆர்டர் கொடுத்து வீட்டுக்கு வர 10 நாள் ஆனது, பிறந்தநாளுக்கு என்றால் மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

இரண்டாவது பலகைக்கு 31 யூரோ. மமோ, நான்கே எழுத்து, கடைசி ஓ-வின் தலையில் ஒரு கோடு. பழையதை வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டேன், தரவில்லை. கொட்டகையில் உருளைக்கிழங்கு மூட்டைக்கு மேலே மாட்டியிருக்கிறார்.